வேற்று விடை எங்கிருந்து வந்தது?

(வெள்ளிவிழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் கழகத்தின் இருபத்தைந்து ஆண்டு வரலாற்றை எடுத்துரைத்தார்கள். வாழ்த்துரைகளும் நிறைவாக வழங்கப்பட்டுவிட்டன. எனக்கு ஒதுக்கப்பட்ட நேரத்தில் ஒரு கணக்கைப் போட்டுக்காட்ட அனுமதிக்க வேண்டும் என்று விழாக் குழுவினரிடம் கேட்டுக்கொண்டேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்; பிறகு இசைந்தார்கள். ஞாயிறு வகுப்பில் இருக்கும் கரும்பலகையையே மேடைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நான் கணித ஆசிரியனாக முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றியவன். கரும்பலகை இல்லாத மேடையில் எனக்குப் பேச்சு வராது.

நான் எடுத்துக்கொண்ட பொருள் வர்க்கமூலச் சமன்பாடு. அதாவது, நாம் தேடும் எண் வர்க்கமூலக் குறிக்குள்ளே அகப்பட்டுக் கிடக்கும் சமன்பாடு. விழாவுக்கு ஏற்ற பொருளா இது என்று சிலர் எண்ணக்கூடும். ஏன் எடுத்துக்கொண்டேன் என்பதை ஒரு நிகழ்ச்சியின் வாயிலாகச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது ஞாயிறு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். அவன் பெயர் வேண்டாம்; இந்த மண்டபத்திலேயே அவன் இருக்கவும் கூடும். தந்தையார் செங்கல் சூளையில் வேலை செய்பவர். வீட்டில் உயர்நிலைப் பள்ளி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். அன்று நான் கொடுத்த கணக்கு இது. தெரியாத எண்ணைப் பாடநூல் எக்ஸ் என்று எழுதும். நாம் இன்று, மறைந்திருக்கும் எண் என்ற பொருளில், ‘ம’ என்று எழுதுவோம்.

√(ம + 7) = ம − 5

இரு பக்கங்களையும் அவன் வர்க்கப்படுத்தினான். ம + 7 = ம² − 10ம + 25 என்று வந்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்தான். ம² − 11ம + 18 = 0. காரணிப்படுத்தினான். (ம − 9)(ம − 2) = 0. ஆகவே ம = 9 அல்லது ம = 2. விடைகளைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் சொல்லியிருந்ததால், அதையும் செய்தான். 9ஐ இட்டான். இடப்பக்கம் 16இன் வர்க்கமூலம் 4. வலப்பக்கம் 9 − 5, அதுவும் 4. பொருந்தியது. 2ஐ இட்டான். இடப்பக்கம் 9இன் வர்க்கமூலம் 3. வலப்பக்கம் 2 − 5, அதாவது −3. பொருந்தவில்லை.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கணக்கு முழுவதையும் ரப்பரால் அழித்தான். மறுபடியும் போட்டான். மறுபடியும் 9, 2. மறுபடியும் அழித்தான். மூன்றாம் முறை அழிக்கும்போது தாள் கிழிந்துவிட்டது. நோட்டை மூடி வைத்துவிட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

அருகில் சென்று, “என்னப்பா?” என்றேன்.

“எங்கேயோ தப்புப் பண்ணியிருக்கேன் சார். எங்கேன்னு தெரியலை. எனக்குக் கணக்கு வராது சார்” என்றான்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு வரியிலும் பிழை இல்லை. பிழையே செய்யாத பிள்ளை, மூன்று முறை தன்னைப் பிழைபட்டவனாக எண்ணிக்கொண்டான். விடை பொருந்தாவிட்டால் குற்றம் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவனுக்கு யாரும் வாய்விட்டுச் சொல்லிக்கொடுத்த பாடம் அன்று. ஆனாலும் அவன் அதை நன்றாகக் கற்றிருந்தான். அன்றைக்குத் தலைகுனிய வேண்டியவன் நான். சரிபார் என்று சொன்ன நான், ஏன் சரிபார்க்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டிருந்தேன்.

எனக்கும் அதைச் சொன்னவர் இல்லை. நான் பள்ளியில் படித்தபோது, இதே கேள்வியை எழுந்து நின்று கேட்டேன். “உனக்கு எதற்கடா அந்த ஆராய்ச்சி? சொன்னதை எழுது” என்று பதில் வந்தது, வகுப்பு சிரித்தது. பல ஆண்டுகள் கழித்து, நூலகத்தில் ஒரு பழைய இயற்கணித நூலைப் புரட்டியபோதுதான் விளக்கம் கிடைத்தது. அரைப் பக்க விளக்கம்! அந்த அரைப் பக்கத்துக்காக நான் அத்தனை ஆண்டு காத்திருந்தேன். உங்களுக்கு அந்தக் காத்திருப்பு வேண்டாம். இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்தக் குறியைப் பற்றி ஒரு வார்த்தை. 1525ஆம் ஆண்டு கிறிஸ்டோஃப் ருடால்ஃப் என்பவர் வெளியிட்ட ஜெர்மானிய இயற்கணித நூலில் √ என்ற குறி அச்சேறியது. அதன் தலைமேல் நீளும் கோட்டை 1637இல் தெக்கார்த் சேர்த்தார். அந்தக் கோடு வீட்டின் கூரை போன்றது. எதுவரை உள்ளே, எது வெளியே என்று காட்டுவது. கூரையைக் குறுக்கி எழுதிவிட்டு மதிப்பெண்ணை இழக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் உண்டு. நிற்க.

வர்க்கம் 16 ஆக இருக்கும் எண்கள் இரண்டு: 4, −4. ஆனால் √16 என்று எழுதினால் 4 மட்டுமே பொருள். ஒரு குறிக்கு இரண்டு மதிப்பு இருந்தால் எழுதுபவர் ஒன்றை நினைக்க, படிப்பவர் இன்னொன்றை நினைப்பார். அந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே, √ என்பது மிகை மதிப்பையே குறிக்கும் என்று கணித அறிஞர்கள் உடன்பாடு செய்துகொண்டார்கள். குறை மதிப்பு வேண்டுமானால் முன்னால் குறைக்குறி இட்டு −√16 என்று எழுத வேண்டும். ம² = 16 என்பது வேறு, ம = √16 என்பது வேறு. முன்னதற்கு இரண்டு விடை, பின்னதற்கு ஒன்றே. இந்த இடத்தில் பாடம் தெளிவாக இருந்தால், மேலே சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். இரு பக்கங்களையும் வர்க்கப்படுத்துகிறோமே, அப்போது என்ன நடக்கிறது? இரண்டு எண்கள் சமமானால் அவற்றின் வர்க்கங்களும் சமம். இதில் ஐயமில்லை. ஆனால் வர்க்கங்கள் சமமானால் எண்களும் சமமா? இல்லை. 3இன் வர்க்கம் 9. −3இன் வர்க்கமும் 9. வர்க்கப்படுத்தும் கணத்தில் மிகையும் குறையும் ஒரே முகம் பெற்றுவிடுகின்றன. தஞ்சாவூரில் இருப்பவர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்; தமிழ்நாட்டில் இருப்பவரெல்லாம் தஞ்சாவூரில் இருப்பவராகிவிட மாட்டார். வர்க்கப்படுத்துதல் அத்தகைய ஒருவழிப் பாதை. இரு பக்கமும் 5ஐக் கூட்டினால், மறுபடி 5ஐக் கழித்துத் திரும்பி வரலாம். இரு பக்கமும் 3ஆல் பெருக்கினால், 3ஆல் வகுத்துத் திரும்பலாம். வர்க்கப்படுத்திய பின் திரும்பி வர முயன்றால், பாதை இரண்டாகப் பிரிந்து நிற்கிறது.

ஆகவே ம + 7 = (ம − 5)² என்று எழுதிய அந்த வரியில், நாம் கேட்ட கேள்வி மட்டும் இல்லை. நாம் கேட்காத இன்னொரு கேள்வியும் கலந்துவிட்டது. அது

−√(ம + 7) = ம − 5

என்பது. இதையும் வர்க்கப்படுத்திப் பாருங்கள். அதே வரிதான் வரும். அக்கா தங்கை இருவருக்கும் ஒரே சாயல். இந்த இரண்டாம் சமன்பாட்டில் 2ஐ இட்டால், இடப்பக்கம் −3, வலப்பக்கம் −3. அழகாகப் பொருந்துகிறது! நம் வீட்டுக்கு வந்த வேற்று விடை, வீடில்லாத விடை அன்று. அடுத்த வீட்டின் உரிமையுள்ள விடை. நாம் கதவை அகலத் திறந்ததால் அதுவும் உடன் வந்தது. அந்தப் பையன் எந்தத் தவறும் செய்யவில்லை என்று நான் சொன்னது இதனால்தான். 2 என்ற விடையைக் கொண்டுவந்தது அவனுடைய கை அன்று. வர்க்கப்படுத்துதல் என்ற முறை.

இதிலிருந்து இன்னொன்றும் பெறப்படுகிறது. நம் படிகள் எல்லாம் முடிந்த பின் கிடைப்பது, “ம ஒரு விடையாக இருக்குமானால், அது 9 ஆகவோ 2 ஆகவோதான் இருக்க முடியும்” என்ற செய்தி மட்டுமே. 9உம் 2உம் விடைகள் என்று அது சொல்லவில்லை. அது வேட்பாளர் பட்டியல். தேர்தல் முடிவு அன்று. மூலச் சமன்பாட்டில் இட்டுப் பார்ப்பதுதான் தேர்தல். சரிபார்த்தல் என்பதை இரண்டு மதிப்பெண்ணுக்குரிய சடங்காகப் பல பள்ளிகள் நடத்துகின்றன. வேறு பல கணக்குகளில் அது கைப்பிழையைக் கண்டுபிடிக்க உதவும் காவல். அதைவிட்டாலும் தீர்வு தீர்வே. வர்க்கமூலச் சமன்பாட்டில் அது தீர்வின் ஓர் உறுப்பு. அதை விட்டால் தீர்வு முடியவில்லை என்றே பொருள்.

அப்படியானால், விடை பொருந்தாதபோது அது முறையால் வந்ததா, என் கைப்பிழையால் வந்ததா என்று எப்படி அறிவது? அந்தப் பையன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுவே. ஒரே ஒரு வர்க்கமூலம் தனியே நிற்கும் சமன்பாட்டில் இதற்குத் திட்டவட்டமான அடையாளம் உண்டு. பொருந்தாத விடையை இட்டுப் பார்க்கையில் இரு பக்கமும் ஒரே எண்ணாக, குறி மட்டும் மாறி வந்தால், அதாவது 3 என்றும் −3 என்றும் வந்தால், அது அடுத்த வீட்டு விடை. முறை கொண்டுவந்தது. அச்சமின்றி “ம = 2 பொருந்தாது” என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகலாம். 3 என்றும் 8 என்றும் எண்ணே வேறாக வந்தால், எங்கேயோ கூட்டலிலோ பெருக்கலிலோ கை தவறியிருக்கிறது. திரும்பிப் பார்க்க வேண்டும். மாணவர்களே, இதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரப்பரை எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது என்பதை இது சொல்லும்.

முன்கூட்டியே தடுக்கும் வழியும் ஒன்று உண்டு. இடப்பக்கம் வர்க்கமூலம்; அது குறை எண் ஆகாது. ஆகவே வலப்பக்கமாகிய ம − 5உம் குறை எண் ஆகக் கூடாது. ம என்பது 5க்குக் குறையக் கூடாது. வர்க்கப்படுத்துவதற்கு முன்பே இதை ஓரத்தில் எழுதி வைத்தால், 2 வந்ததும் தானே விழுந்துவிடும். √(ம + 1) = −3 போன்ற கணக்குக்கு இந்த ஒரு பார்வையே போதும். வர்க்கப்படுத்தினால் ம = 8 என்று வரும்; ஆனால் வர்க்கமூலம் −3 ஆக முடியாது என்று முதல் வரியிலேயே தெரிகிறதே! விடை இல்லை என்பதும் ஒரு விடையே. கனமூலத்தில் இந்தத் தொல்லை இல்லை; 2இன் கனம் 8, −2இன் கனம் −8, முகம் மாறுவதில்லை.

பிள்ளைகள் உண்மையாகவே பிழை செய்யும் இடம் வேறொன்று. இரண்டு வர்க்கமூலங்கள் சேர்ந்து வரும் கணக்கு அது.

√(ம + 5) + √ம = 5

இதில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, ம + 5 + ம = 25, ஆகவே ம = 10 என்று எழுதுவோர் பலர். இட்டுப் பாருங்கள்: 15இன் வர்க்கமூலமும் 10இன் வர்க்கமூலமும் சேர்ந்து 7க்குச் சற்று மேல் வரும், 5 வராது. ஒரு சதுர மனையின் பக்கத்தை நீட்டிப் பெரிய சதுரமாக்கினால், பழைய சதுரமும் மூலையில் ஒரு சிறு சதுரமும் மட்டுமா சேரும்? இரு புறமும் இரண்டு நீள் பட்டைகளும் சேரும் அல்லவா? அந்தப் பட்டைகளைத்தான் இவர்கள் விட்டுவிடுகிறார்கள். இதற்கு மருந்து, ஒரு வர்க்கமூலத்தைத் தனியே ஒதுக்கி நிறுத்திவிட்டு வர்க்கப்படுத்துவது. √(ம + 5) = 5 − √ம. வர்க்கப்படுத்தினால் ம + 5 = 25 − 10√ம + ம. இரு பக்கமும் ம போய்விடுகிறது. 10√ம = 20. √ம = 2. ம = 4. இட்டுப் பார்த்தால் 3 + 2 = 5.

இக்கணக்குகள் நேற்று முளைத்தவை அல்ல. 1150ஆம் ஆண்டில் பாஸ்கராசாரியர் வடமொழியில் எழுதிய லீலாவதி என்ற நூலில் ஒரு தேனீக் கணக்கு வருகிறது. ஒரு தேனீக் கூட்டத்தில் பாதியின் வர்க்கமூலம் ஒரு புதருக்குச் செல்கிறது, மொத்தத்தில் 9இல் 8 பங்கும் சென்றுவிடுகிறது, எஞ்சியவை இரண்டே. கூட்டம் எத்தனை? அந்நூல் ஏட்டில் இருந்த காலத்தில் நம் முன்னோர் அதைத் தொட முடிந்திருக்காது. கணக்கு அந்த வேலியைப் பொருட்படுத்தாமல் நம்மிடம் வந்துவிட்டது. போட்டுப் பார்ப்போம்.

இங்கே வர்க்கமூலத்தையே தெரியாத எண்ணாக வைப்பது நல்ல தந்திரம். பாதிக் கூட்டத்தின் வர்க்கமூலம் ம என்றால், பாதிக் கூட்டம் ம², முழுக் கூட்டம் 2ம². புதருக்குச் சென்றவை, 9இல் 8 பங்கு, எஞ்சிய இரண்டு ஆகியவற்றைக் கூட்டினால் முழுக் கூட்டம். முழுக் கூட்டத்தில் 8/9 போக எஞ்சும் 1/9 பங்கு ம + 2க்குச் சமம். அதாவது 2ம² / 9 = ம + 2. ஒழுங்குபடுத்தினால் 2ம² − 9ம − 18 = 0; (ம − 6)(2ம + 3) = 0. ம = 6 அல்லது −3/2. நாம் ம என்று வைத்ததே வர்க்கமூலத்தை. அது குறை எண் ஆகாது. ஆகவே 6. முழுக் கூட்டம் 2 × 36 = 72. சரிபார்த்தால், 6 + 64 + 2 = 72. மற்ற விடையைக் கொண்டால் கூட்டம் நாலரைத் தேனீ என்று வரும். அரைத் தேனீ உண்டா என்று கேலி செய்து அதைத் தள்ளிவிடுவார்கள். தள்ள வேண்டிய காரணம் அதுவன்று. தேனீக்குப் பதில் நெல் மூட்டை என்றிருந்தாலும் நாலரை பொருந்தாது. வர்க்கமூலம் குறை எண் ஆகாது என்பதே காரணம்.

ஏட்டுக் கணக்கு போதும், கிணற்றடிக்கு வருவோம். ஆழம் தெரியாத ஒரு கிணற்றில் கல்லைப் போடுகிறோம். கல் விழுந்த ஒலி 3 வினாடி கழித்துக் கேட்கிறது. ஆழம் எவ்வளவு? கல் விழும் நேரம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழத்தை மீட்டரில் கொண்டு, 5ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ வினாடி கிடைக்கும். ஒலி மேலே வர நேரமே ஆகாது என்று கொண்டால், ஆழம் 5 × 9 = 45 மீட்டர். ஆனால் ஒலியும் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் பயணம் செய்துதான் வருகிறது. அதையும் சேர்த்தால்

√(ஆழம் ÷ 5) + ஆழம் ÷ 340 = 3

என்ற வர்க்கமூலச் சமன்பாடு பிறக்கிறது. தேனீக் கணக்கில் செய்தது போலவே, கல் விழும் நேரத்தை ம என்று வைத்தால், ஆழம் 5ம²; சமன்பாடு ம² + 68ம − 204 = 0 என்று ஆகும். ம சுமார் 2.88 வினாடி; ஆழம் சுமார் 41.4 மீட்டர். மூன்றரை மீட்டருக்கு மேல் வேறுபாடு. கயிறு வாங்கப் போகிறவருக்கு இது சிறிய வேறுபாடு அன்று. மற்றொரு விடை −71க்கு அருகில் வரும். கல் விழும் நேரம் குறை எண் ஆகாது ஆகையால் தள்ளுபடி. எத்தனையோ ஊர்களில் கிணறு வெட்டிய கைகள் நம்மவர் கைகள். வெட்டி முடித்த பின் அதில் நீர் இறைக்கத் தடுக்கப்பட்ட கைகளும் அவையே. ஆழத்தை எண்ணாகச் சொல்லும் இந்தக் கணக்கு நமக்கு அயலானதன்று என்பதற்காக இதைச் சொன்னேன்.

இயற்கணிதத்துக்கும் உரிமைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். ராபர்ட் மோசஸ் என்ற கறுப்பின ஆசிரியர் 1935இல் நியூயார்க் நகரில் ஹார்லெம் பகுதியில் பிறந்தார். ஹார்வர்டில் தத்துவம் பயின்றார். பள்ளியில் கணிதம் கற்பித்தார். 1961இல் மிசிசிப்பி மாநிலத்துக்குச் சென்று கறுப்பின மக்களை வாக்காளராகப் பதிவுசெய்யும் பணியில் ஈடுபட்டு, அடியும் சிறையும் கண்டார். அங்கே பதிவுக்கு வருபவர் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுத வேண்டும். அந்த விளக்கம் சரியா, தவறா என்பதைப் பதிவு அலுவலர் ஒருவரே முடிவு செய்வார். கற்றறிந்த கறுப்பினத்தவர் எழுதியதும் அவர் கண்ணுக்குத் தவறாகத் தெரியலாம், கேட்பாரில்லை. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே அந்தத் தேர்வுகள் தடுக்கப்பட்டன.

பின்னர் அவர் தான்சானியா நாட்டில் சில ஆண்டுகள் கணிதம் கற்பித்துத் தாயகம் திரும்பினார். 1982இல், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், எட்டாம் வகுப்பில் படித்த தம் மகளின் பள்ளியில் இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை என்று கண்டார். ஆசிரியையின் இசைவுடன் மகளுக்கும் உடன் படித்த சிலருக்கும் தாமே வகுப்பில் கற்பித்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் அல்ஜீப்ரா புராஜெக்ட் என்னும் இயக்கம். பிள்ளைகளைச் சுரங்க ரயிலில் ஏற்றி அழைத்துச் செல்வார்கள். புறப்பட்ட நிலையத்திலிருந்து எந்தப் பக்கம், எத்தனை நிலையம் என்று பிள்ளைகள் முதலில் படம் வரைவார்கள். பிறகு தம் சொந்த மொழியில் பேசுவார்கள். அதன் பின்பே மிகை எண், குறை எண் என்ற குறியீடுகள் வரும். 2001இல் சார்லஸ் காப் என்ற தோழருடன் அவர் வெளியிட்ட நூலின் பெயர் ‘ராடிக்கல் ஈக்வேஷன்ஸ்’. வர்க்கமூலச் சமன்பாடு என்றும், வேர்வரை செல்லும் சமத்துவம் என்றும் இருபொருள் தரும் தலைப்பு. வேர் என்ற இலத்தீன் சொல்லிலிருந்தே அந்த ஆங்கிலச் சொல் பிறந்தது. 2021இல் மோசஸ் மறைந்தார்.

பதிவு அலுவலரின் மேசையையும் இந்தக் கரும்பலகையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அங்கே விடையைச் சரி என்றோ தவறு என்றோ சொல்லும் அதிகாரம் மேசைக்கு அப்பால் இருந்தது. இங்கே 2 பொருந்தாது என்று சொல்வது நானல்லன், பாடநூலும் அன்று. 3உம் −3உம் வேறு என்று நீங்களே கண்டு சொல்கிறீர்கள். ஆசிரியர் சிரித்தாலும் சினந்தாலும் அது மாறாது. அந்தப் பையனிடம் அன்று இதைத்தான் சொன்னேன், இத்தனை நீளமாக இல்லை. கிழிந்த தாளைத் திருப்பிப் போட்டு, நான்காம் முறை கணக்கை எழுதி, கடைசி வரியில் “ம = 2 பொருந்தாது, ம = 9” என்று முடித்தான். அடுத்த கணக்கு எங்கே என்று கேட்டான்.

முடிப்பதற்கு முன் எச்சரிக்கை ஒன்று. பொருந்தாத விடையைத் தள்ளப் பழகியவர்கள், இரண்டு விடை வந்தாலே ஒன்றைத் தள்ள வேண்டும் போலும் என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. இதைப் பாருங்கள்:

√(3ம + 1) = 2 + √(ம − 1)

வர்க்கப்படுத்தினால் 3ம + 1 = 4 + 4√(ம − 1) + ம − 1. சுருக்கினால் ம − 1 = 2√(ம − 1). இந்த இடத்தில் பலர் இரு பக்கத்தையும் √(ம − 1) ஆல் வகுத்து, √(ம − 1) = 2, ம = 5 என்று எழுதிவிடுவார்கள். 5ஐ இட்டால் 4 = 2 + 2; சரிதான். முழு மதிப்பெண்ணும் சிலர் கொடுத்துவிடுவார்கள். ஆனால் ம = 1 என்று இட்டுப் பாருங்கள். இடப்பக்கம் 2, வலப்பக்கம் 2 + 0. அதுவும் பொருந்துகிறது! அது எங்கே போயிற்று? ம = 1 என்னும்போது √(ம − 1) பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கலாகாது. வகுத்த கணத்தில், உரிமையுள்ள ஒரு விடையை ஓசையில்லாமல் வெளியே தள்ளிவிட்டோம்.

வேற்று விடை உள்ளே வந்தால் சரிபார்த்தல் காட்டிக்கொடுக்கும். உரிய விடை வெளியேற்றப்பட்டால் எந்தச் சரிபார்த்தலும் காட்டிக்கொடுக்காது. இருப்பவற்றைத்தானே சரிபார்க்க முடியும்? ஆகவே இங்கே வகுக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து, √(ம − 1) என்பதைப் பொதுக் காரணியாக வெளியே எடுத்து, அது பூச்சியமானால் ஒரு விடை, எஞ்சிய காரணி பூச்சியமானால் மற்றொரு விடை என்று இரண்டையும் எழுத வேண்டும். சென்ற ஆண்டு நமது வகுப்பில் இக்கணக்கை முழுமையாகச் செய்தவர் ஒரே ஒரு மாணவி. விடைத் தொகுப்பில் 5 மட்டுமே அச்சிடப்பட்டிருந்தது. தன் விடையை அடிக்காமல், 1ஐயும் இட்டுக் காட்டி, நோட்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். விடைத் தொகுப்பை நான் திருத்திக்கொண்டேன்.

ஞாயிறு வகுப்பு வழக்கம்போல் காலை 10 மணிக்கு நடைபெறும். கரும்பலகையை இன்று அழிக்க வேண்டாம் என்று தொண்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அடியில் ஒரு கணக்கை எழுதி வைத்துவிட்டு அமர்கிறேன்:

√(2ம + 3) = ம